முப்பத்தொரு இறக்கையில் ஒன்று

சூலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. தலைக்கு மேலே போகும், அலமாரியில் டம்ளர்கள் லேசாக அதிரும், நாங்கள் அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தத் திங்கட்கிழமை மட்டும் சத்தம் மேலே போகவில்லை. உள்ளறையிலேயே நின்றது. மாவுக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தாள். விமானம் அதற்குள்ளேதான் ஏறிக்கொண்டிருந்தது.

"வெடிச்சுப்போடுமா கண்ணு?" என்றேன்.

"வெடிக்காதுங்கம்மா. உள்ள ஃபேன் சத்தம். சூடாகுது."

அவள் சொல்லி முடிக்கவில்லை, திரை கறுத்துவிட்டது. சத்தமும் நின்றது. எனக்கு அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாகப் பட்டது.

அது விளையாட்டுப் பிரியர்களுக்கென்றே செய்த லேப்டாப். என் மகள் விளையாடுகிறவள் இல்லை, வீடுகளுக்குப் பிளான் போடுகிறவள். ஆனால் கட்டாத வீட்டுக்குள் ஆள் நடந்து போகிற மாதிரி படமாகக் காட்டவேண்டும் என்றால் அந்த அளவுக்குத் தெம்புள்ள மெஷின்தான் வேண்டுமாம். கேட்டிலிருந்து நுழைந்து, கூடத்தைக் கடந்து, படியேறி, மொட்டை மாடியில் போய் நின்று தென்னந்தோப்பைப் பார்க்கலாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் படியில் தடுக்கி விழுந்துவிடுவேனோ என்று இருக்கும். போதாததற்கு அதன் எழுத்துப் பலகை ஏழு நிறத்தில் மின்னும், காரமடைத் தேருக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி. அதை நிறுத்தத் தெரியும் என்று அவள் சொல்வாள், நிறுத்தி நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் இருந்துவிட்டு, இனிமேல் தனியாகச் செய்கிறேன் என்று வெளியே வந்திருந்தாள். மூன்று மாதம் ஒரு வேலையும் வரவில்லை. நான்காவது மாதம் கிணத்துக்கடவில் ஒரு தோட்டத்துக் குடும்பம் கூப்பிட்டது. புது வீடு கட்டப்போகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் ஏற்கெனவே தாளில் பிளான் கொடுத்திருக்கிறார். இவளுடையதையும் பார்த்துவிட்டு, ஆடி பிறப்பதற்குள் யாரோ ஒருவரிடம் பேசி முடித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆடியில் எந்த நல்ல பேச்சும் எடுக்கமாட்டார்கள். காட்டவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு லேப்டாப் பாதி வழியில் படுத்துவிட்டால் அந்த வீடு பொள்ளாச்சிக்காரருக்குத்தான். இது தவறிப்போனால் பழைய ஆபீஸுக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று ஒரு மத்தியானம் அவளே சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் ரசம் ஊற்றவேண்டிய இடத்தில் மோரை ஊற்றிவிட்டேன்.

நான் இயல்பிலேயே பயந்த பிறவி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வரும். நடிப்பில்லை, தெர்மாமீட்டர் வைத்தால் ஏறும். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் காய்ச்சல் ஜெயித்துவிட்டது. பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டும் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். செம்புக் கம்பியிடம் எனக்குப் பயமில்லை. மற்ற எல்லாவற்றிடமும் உண்டு.

செவ்வாய்க்கிழமை மகள் லேப்டாப்பைக் காந்திபுரத்தில் ஒரு கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, வாரண்டி இருக்கிறது, இங்கே திறக்கக்கூடாது, அனுப்பித்தான் பார்க்கவேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். பத்து நாளில் ஆடி பிறந்து தவழ ஆரம்பித்திருக்கும். அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் வைத்தியம் ஆரம்பித்தது. முதலில் ஈரத்துணியைப் பிழிந்து கொண்டுபோனேன். அவள் போட்ட அலறலில் துணி கை நழுவிக் கீழே விழுந்தது. பிறகு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அவளுடைய தாள்கள்தான் பறந்தன. கடைசியில் இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். குழிகள் தூக்கிப் பிடிக்கும், ஓட்டை வழியாகக் காற்று போகும். பத்து நிமிஷத்தில் அணைந்துகொண்டிருந்தது பதின்மூன்று நிமிஷம் ஓடியது. எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. ஆனால் வீட்டைக் கேட்டிலிருந்து மாடி வரைக்கும் பேசிக் காட்டி முடிக்க இருபது நிமிஷமாவது வேண்டும். பதின்மூன்றாவது நிமிஷத்தில் சமையலறை வாசலில் நின்றுவிடும். இன்னும் இரண்டு இட்லித் தட்டு அடுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் இருந்த தட்டையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, வீட்டிலிருந்த திருப்புளியை, அதுதான் ஸ்க்ரூ டிரைவரை, எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மோட்டாரில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எங்கள் பட்டறையில் எல்லோரும் செய்வதுதான். திருப்புளியின் முனையை மோட்டார் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொள்ளவேண்டும். உள்ளே என்ன நடக்கிறதென்று அப்படியே ஏறி வரும். ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் வலது பக்கம் வைத்தேன், மெல்லிசான காற்றுச் சத்தம், தப்பில்லை. இடது பக்கம் வைத்தேன். பேரிங் போயிருந்தால் கல் அரைக்கிற மாதிரி கேட்கும். இது அரைக்கவில்லை. சளி கட்டின குழந்தை மூச்சுக்குத் திணறுகிற மாதிரி இருந்தது. எதையோ போட்டு அடைத்திருக்கிறது.

பட்டறையில் எனக்குப் பக்கத்து மேஜை அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடற்குழுவின் முன்வரிசையில் நிற்பவர். எதற்கும் பயப்படாதவர். கேட்டதும் கம்பியைக் கீழே வைத்தார்.

"அடைச்சிருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு, அப்பறம் என்ன ரோசனை? நாளைக்குக் கொண்டா. சோத்து நேரத்துல தொறந்து பார்த்துப்போடலாம்."

"புள்ளகிட்டக் கேக்கணுங்கக்கா."

"கேட்டா வேண்டாம்பா. வேண்டாம்னு சொன்னப்பறம் தொறந்தா அது பாவம். கேக்காம தொறந்தா பாவமில்ல."

இந்த வேதாந்தம் எந்தப் பிரசங்கத்தில் வந்தது என்று தெரியவில்லை. ஆனால் வியாழக்கிழமை மகள் டைல்ஸ் மாதிரிகள் வாங்குவதற்காகக் காலையிலேயே கிளம்பிவிட்டாள், சாயங்காலம்தான் வருவேன் என்றாள். அவள் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் நான் லேப்டாப்பைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி ஒயர்கூடைக்குள் வைத்து, மேலே டிபன் பாக்ஸை வைத்தேன். டிபன் பாக்ஸ் கனம் அழுத்துமோ என்று அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் கூடையை உயர்த்திக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, நாய்க்குட்டிங்களா என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு மணிக்கு முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போனார். அக்கா மேஜையைத் துடைத்தார். செம்புத் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும் என்று நான் இரண்டாவது தடவை துடைத்தேன். மோட்டார் குழிகளுக்குள் வைக்கிற இன்சுலேஷன் தாளைப் புதிதாக வெட்டி விரித்தோம். லேப்டாப்பைக் குப்புறப் படுக்க வைத்தோம். அக்கா அதன்மேல் கை வைத்துக் கண்ணை மூடி, இந்த மெஷினை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே என்று ஜெபித்தார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று காரமடை ரங்கநாதருக்கும் மனசுக்குள் ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தேன். இரண்டு பக்கமும் சொல்லிவிட்டால் யாராவது ஒருவருக்காவது கேட்க நேரம் இருக்கும் இல்லையா.

திருகுகள் பதினொன்று. கழற்றின ஒவ்வொன்றையும் ஒரு தாளில் அதன் இடம் எதுவோ அங்கேயே டேப் ஒட்டி வைத்தேன். செல்போன் வீடியோவில் சொன்னபடி முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். அதைக் கழற்றியாயிற்றா என்று மூன்று தடவை கேட்டேன். கழற்றினவளே நான்தான்.

இடது பக்கத்து விசிறியில் ஒரு போர்வை கிடந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். விசிறிக்கும் அதை ஒட்டியிருந்த செம்புத் தகடுகளுக்கும் நடுவில் வெள்ளையாக, மெத்துமெத்தென்று, கம்பளி நெய்து வைத்த மாதிரி. அக்கா இடுக்கியால் பிடித்து இழுத்தார். ஒரே துண்டாக வந்தது. விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இது இலவம்பஞ்சு புள்ள."

அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் போனில் ஒரு செய்தி வந்தது. கல்யாணமாகாத பெண்கள் மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்த்தால் அந்தச் சூடு கர்ப்பப்பைக்கு ஆகாது என்று. யார் எழுதியதோ, எந்த ஊர் டாக்டரோ. அன்றைக்கே பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைப் பிரித்து, பாதியாக்கி, லேப்டாப் அளவுக்குப் புதிதாகத் தைத்து, இதன்மேல்தான் வைக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவளும் பாவம், என் நச்சரிப்புக்குப் பயந்து ஒரு வருஷமாக அதன்மேலேயே வைத்திருக்கிறாள். லேப்டாப் மூச்சு இழுப்பது அடிவயிற்றால். நான் அதன் மூக்கில் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு, ஏன் மூச்சு வாங்குகிறது என்று இட்லித் தட்டு தேடியிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் நின்றுகொண்டு, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு. எனக்கும் தொற்றிக்கொண்டது. நோய் கண்டுபிடித்தாகிவிட்டது, நோயாளி பிழைத்துவிட்டது, இன்னும் அரைமணி நேரம் பாக்கி இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது.

எங்கள் பட்டறையில் எதைச் சுத்தம் செய்வதென்றாலும் கம்ப்ரசர் காற்றைப் பிடித்து அடிப்பதுதான் வழக்கம். மோட்டாருக்கும் அதுதான், மேஜைக்கும் அதுதான். வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் சேலைக்கும் தலைமுடிக்கும்கூட அதையேதான் பிடித்துக்கொள்வோம். அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்துக்குச் சித்தெ காத்துப் புடிச்சரலாம் என்று குழாயை எடுத்தார். நானும் சரி என்றேன். பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கிற மாதிரி அது எங்களுக்கு. கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டு அடிக்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சுண்டுவிரல் நகத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் இறக்கைகள். பம்ப்செட் மோட்டாரையே துடைத்து எடுக்கிற காற்று. விசிறி கீச்சென்று ஒரு கத்தல் கத்தியது, டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, அக்கா விசையை விட்டார்.

இறக்கை ஒன்றைக் காணோம். தாளைத் தூக்கிப் பார்த்தோம், மேஜைக்கு அடியில் பார்த்தோம். கடைசியில் அது அக்காவின் கொண்டையில் செருகி நின்றது, சின்னதாக ஒரு கறுப்புப் பூ மாதிரி.

பேட்டரியை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தோம். பழைய சத்தம் எவ்வளவோ தேவலை. இப்போது சத்தம் மட்டுமில்லை, லேப்டாப் மேஜையில் நடந்தது. ஓரத்தில் வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. ஒரு பக்கம் எடை குறைந்த சக்கரம் வேகமாகச் சுற்றினால் அப்படித்தான் துள்ளும். இதை இப்படியே கொண்டுபோனால் வெள்ளிக்கிழமை அந்தத் தோட்டத்து வீட்டில் லேப்டாப் மேஜையை விட்டு இறங்கிப் போய்விடும். அக்கா குழாயைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டினார். எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பயம் ஓர் எல்லையைத் தாண்டினால் எனக்கு அழுகை வருவதில்லை, விக்கல்தான் வரும்.

விக்கிக்கொண்டே இறக்கை போன அந்த ஓட்டைப் பல்லைப் பார்த்தேன். பம்ப்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் ஒன்று இருக்கிறது. வார்ப்பில் ஒரு பக்கம் கனம் கூடிவிட்டால் அது இப்படித்தான் உதறும். பக்கத்து ஷெட்டில் அதை என்ன செய்வார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இலேசான பக்கத்தில் எதையும் ஒட்டமாட்டார்கள், ஒட்டினால் நிற்காது. கனமான பக்கத்தில் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் நிம்மதியாகச் சுற்றும்.

"அக்கா," என்றேன், நடுவில் ஒரு விக்கல். "எதுத்தாப்புல இருக்கறதையும் எடுத்துப்போட்டா?"

அக்கா என்னையே பார்த்தார். "ஒண்ணை ஒடச்சது பத்தாதுங்கறியா?"

"ஒண்ணு ஒடஞ்சா நோவு. ரெண்டு ஒடஞ்சா பேலன்ஸுங்க."

விசிறியைத் தனியாகக் கழற்றி இறக்கைகளை எண்ணினோம். நான் எண்ணினால் முப்பத்தொன்று, அக்கா எண்ணினால் முப்பது. அக்காவின் கண்ணாடி வீட்டில் இருந்தது. மறுபடி நான் எண்ணினேன், உடைந்ததையும் சேர்த்து முப்பத்தொன்று. ஒற்றைப்படை. நேர் எதிரே இறக்கை கிடையாது, இரண்டு இறக்கைக்கு நடுவில் சந்துதான் இருந்தது. அக்கா தலையில் கை வைத்தார். எனக்கு மட்டும் அந்த நிமிஷம் மண்டைக்குள் யாரோ ஸ்விட்சைப் போட்ட மாதிரி இருந்தது. அந்த இரண்டிலும் பாதிப் பாதி வெட்டினால் மொத்தம் ஒன்று ஆகிறதே. கணக்குக்குப் பயந்து காய்ச்சல் வாங்கினவள் நான். ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் அங்கே இருந்திருக்கவேண்டும்.

அக்காவின் பையில் நகவெட்டி இருந்தது. கண்ணாடி இல்லாததால் வெட்டவேண்டியது நான். விக்கலோ ஐந்து மூச்சுக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. வெட்டும்போது வந்துவிட்டால் பக்கத்து இறக்கையும் போய்விடும். அக்கா என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். விக்கல் வந்து போனதும், "ம், இப்ப," என்பார். நான் நகவெட்டியை இறக்கையின் ஓரத்தில் வைப்பேன், மூச்சைப் பிடிப்பேன், அழுத்தப் போவேன். "வருது, எடு, எடு," என்பார். எடுத்துவிடுவேன், விக்கல் வரும். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை முதல் பாதி விழுந்தது. ஏழாவது தடவை இரண்டாவது பாதி. மூன்று துணுக்குகளையும் அக்கா தாளில் மடித்து எதற்கோ பத்திரமாகத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மாட்டினோம். பேட்டரியைக் கொடுத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லையோ என்று கண்ணைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கிறது. டம்ளர் தண்ணீர் அசையவில்லை. திருப்புளியைக் காதில் வைத்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் தூங்குகிற இரண்டு குழந்தைகள் மாதிரி மூச்சு விட்டன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு காயில் மேஜையைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். அதற்கு ஆட்டம் என்று பெயர் வைக்கமுடியாது, ஆனால் நடை என்றும் சொல்லமுடியாது. பதினொரு திருகும் பதினொரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன, ஒன்றும் மிஞ்சவில்லை. அது எனக்கு இன்னொரு அதிசயம். விக்கல் எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சோறுதான் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் மகள் வந்து லேப்டாப்பைத் திறந்தாள். வீட்டை ஓடவிட்டாள். பத்து நிமிஷம், பதின்மூன்று, இருபது. நான் சமையலறையில் ஒரே வெங்காயத்தைத் திரும்பத் திரும்ப அரிந்துகொண்டிருந்தேன். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் அவள் எழுந்து வந்தாள், முகமெல்லாம் பல்.

"நேத்து ஒரு செட்டிங் மாத்துனேங்கம்மா. அதுலதான் சரியாயிருச்சு."

அப்படியா கண்ணு, நல்லதாப்போச்சு என்றேன். உண்மையைச் சொன்னால் மறுநாள் அவள் கண் வீட்டைப் பார்க்காது, விசிறியைத்தான் பார்க்கும். பயப்படுவதற்கு நான் ஒருத்தி போதும். தலையணையை மட்டும் நைசாக எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டைல்ஸ் மாதிரிகளைத் தூக்கவே கை சரியாக இருந்தது. லேப்டாப்பைச் சுமக்க நான் கூடப் போனேன். உக்கடத்தில் பஸ் ஏறினோம். அந்த மாசத்துக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து திறந்துவிட்ட மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கிணத்துக்கடவில் இறங்கித் தோட்டத்துக்கு நடப்பதற்குள் என் சேலை மூன்று தடவை என்னை விட்டுக் கிளம்பப் பார்த்தது.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று வாங்க வாங்க என்று அழைத்துப்போனார். ஓயாமல் பேசுகிறவர். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரைக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் முடிவு எடுக்கப்போகிறார் என்று அந்த நாற்காலி போட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மகள் திரையில் வீட்டைத் திறந்தாள். கேட், வாசல், கூடம். நான் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே இடம் பிடித்திருந்தேன். பத்தாவது நிமிஷத்தில் மோரை ஒரே மடக்கில் குடித்தேன். பதின்மூன்றில் சமையலறை வாசல் வந்தது. தாண்டியது. மாடிக்குப் போனார்கள், தோப்பைப் பார்த்தார்கள், இறங்கினார்கள். அப்பாடா என்று மூச்சு விடும்போது அந்த அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இன்னொருக்கா கேட்டுல இருந்து காட்டு அம்மணி."

இரண்டாவது தடவை போனார்கள். அது முடிந்து, மறுபடி ஒருக்கா என்றார். மூன்றாவது தடவை போகும்போது நான் காரமடையில் மொட்டை அடிக்கும் யோசனை வரைக்கும் போயிருந்தேன். அப்போதுதான் அவர் கணவர் லேப்டாப் பக்கம் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குள்ள எதோ ஓடுதுங்களா?"

சூடு ஆறுவதற்கு இரண்டு விசிறி இருக்கிறது என்று மகள் விளக்கினாள்.

"சத்தமே இல்லீங்களே. என்ற கெணத்து மோட்டாரு ஊரையே எழுப்புதுங்க. மூணு பேரு பார்த்துட்டாங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முந்தின நாளிலிருந்து மூடித்தான் இருந்தேன். ஆனால் என் கைவேலையை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதுவும் ஊரை எழுப்புனதுதானுங்க," என்றேன். "றெக்கை ஒண்ணு போயிருச்சு, எதுத்தாப்புல ரெண்டைப் பாதிப் பாதி வெட்டி நாந்தான் பேலன்ஸ் பண்ணிப்போட்டேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். திரையில் வீடு தானாகப் படியேறிக்கொண்டிருந்தது. அவள் பார்வை என்மேல் இருந்தது. அது கோபமா வேறெதுவுமா என்று நான் படிப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். உங்களுக்கு மோட்டார் தெரியுங்களா, சித்தெ வாங்க, அஞ்சே நிமிஷம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்தில் வந்திருக்கிறது.

மோட்டார் ரூம் தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஐந்து நிமிஷம் நடக்கவே ஆனது. அவர் ஸ்விட்சைப் போட்டார், திருப்புளி கொடுத்தார், நான் முன்பக்கமும் பின்பக்கமும் வைத்துக் கேட்டேன். பின்பக்கத்து பேரிங் கல் அரைத்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டார், அவர் காதிலும் வைத்துக் காட்டினேன். ஆமாங்க, அரைக்குதுங்க என்று சந்தோஷப்பட்டு, முன்பக்கமும் வைத்துப் பார்த்தார், பிறகு பைப்பிலும் சுவரிலும்கூட வைத்துப் பார்த்தார். என் காது மட்டும் அங்கே இல்லை. வீட்டுக்குள் மூன்றாவது சுற்று எந்த அறையில் நிற்கிறதோ. உண்மை தெரிந்த பிறகு அவள் நடுவிலேயே மூடிவைத்திருப்பாளோ. பாதி வெட்டின இறக்கைகளில் மிச்சமும் உடைந்துபோயிருக்குமோ. காற்றில் தென்னை மட்டை ஒன்று விழுந்த சத்தத்துக்கு, லேப்டாப்தான் விழுந்தது என்று நினைத்துத் துள்ளினேன்.

திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. லேப்டாப் மூடிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஏழு நிறத்தில் ஒரு நிறமும் இல்லை. அணைந்துவிட்டது, நடுவிலேயே அணைந்துவிட்டது, அவள் வெளியே போய் அழுகிறாள், அந்த அம்மா சமாதானம் சொல்கிறார். ஒரே மூச்சில் இவ்வளவும் நடத்தி முடித்துவிட்டேன். பின்வாசல் வழியாக ஓடினேன்.

காலி இடத்தில் அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சொம்பு நிறையச் சுண்ணாம்புப் பொடியோடு குனிந்து நின்றார். மகள் ஒரு முளைக்குச்சியைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மூன்றாவது சுற்றையும் முடித்து, நாலாவதும் ஒன்று போய்விட்டு, திரையில் பார்த்தது போதும், தரையில் காட்டு என்று வந்துவிட்டார்கள். சமையலறையைக் கிழக்கே நகர்த்தவேண்டுமாம். அடுப்புக்கு முன்னால் நின்றபடியே மாட்டுக் கொட்டகையும் கேட்டும் அந்த அம்மாவுக்குத் தெரியவேண்டும். பொள்ளாச்சிக்காரர் தாளில் அங்கே குளியலறை இருந்ததாம்.

என் பின்னால் வந்த கணவரைப் பார்த்ததும் அந்த அம்மா நிமிர்ந்தார்.

"பொள்ளாச்சிக்காரருக்கு போனைப் போட்டுச் சொல்லிப்போடுங்க. நாம இந்த அம்மணிகிட்டப் பேசியாச்சுன்னு."

அவர் அப்படியா, சரி சரி என்று போனைத் தேட ஆரம்பித்தார், ஒரு கையில் இன்னும் திருப்புளி இருந்தது. நான் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல நின்றேன். மகள் கயிற்றின் ஒரு முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை றெக்கைங்கம்மா வெட்டுனீங்க?"

"ரெண்டு பாதிதான் கண்ணு."

"அதுக்கு முன்னால?"

"அது ஒண்ணு. அது தானாப் போச்சு."

"தானா."

"காத்துல போச்சு."

உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். தோள் குலுங்கியது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். நேராகப் பிடிக்கச் சொன்னாள், அசையக்கூடாது என்றாள். நான் அசையவில்லை. அந்த அம்மா கயிற்றை ஒட்டிச் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டே வந்தார். பாதி தூரம் வருவதற்குள் காற்று வந்து கோட்டைத் தூக்கி என் சேலையில் போட்டது. அவர் சிரித்துவிட்டு இன்னொரு கை அள்ளினார். அதையும் காற்று கொண்டுபோனது. மூன்றாவது தடவை என் மகள் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் காற்றை மறைத்தாள். சமையலறையின் கிழக்குச் சுவர் தரையில் வெள்ளைக் கோடாக விழுந்தது.